மாசிலாமணியும் மஞ்சள் தண்ணீரும்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு என் பழைய ஹெர்குலிஸ் சைக்கிளின் ஹேண்டில்பாரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். முப்பது வருஷத்து வண்டி. ரிம்மில் துரு ஏறிவிட்டது. ஹேண்டில்பாரில் மட்டும் குரோம் இன்னும் முகம் காட்டுகிறது. ஏரியில் கம்பெனிக் கழிவைக் கொட்டாதே என்று சொல்வதற்காக அம்பத்தூரிலிருந்து ஆவடி வழியாகப் பூந்தமல்லி வரை சைக்கிளில் ஊர்வலம் போகிற நாள். வண்டியாவது சுத்தமாக இருக்கட்டுமே என்று துடைத்தேன். துடைக்கத் துடைக்க எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இந்தப் பளபளப்பை எப்படி ஏற்றுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஏற்றும்போது சொட்டுகிற தண்ணீர் எங்கே போகும் என்றும் தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிளேட்டிங் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவன் நான்.

ஏரிக்கரையில் அறுபது எழுபது வண்டிகள் சேர்ந்திருந்தன. கியர் வைத்த வண்டியோடு ஹெல்மெட் போட்ட பையன்கள், அப்பாவின் வண்டியில் கால் எட்டாமல் வந்த பிள்ளைகள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு லேடீஸ் சைக்கிளில் இரண்டு அம்மாக்கள். அம்பத்தூருக்கும் சைக்கிளுக்கும் பழைய உறவு. 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் ஹெர்குலிஸ் செய்தது இங்கேதான். பிறகு டன்லப் வந்தது, 1960களில் எஸ்டேட் வந்தது. வயலும் தோப்புமாக இருந்த ஊர் ஷிப்ட் சங்குக்கு எழுந்திருக்கிற ஊராக மாறியது. எங்கள் தலைமுறைக்குச் சோறு போட்டதும் அந்தச் சங்குதான்.

என் பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெண் கேட்டாள். "அங்கிள், நீங்க எங்க வேலை பாத்தீங்க?"

"எஸ்டேட்லம்மா."

"அப்போ ஏரிக்கு வர்ற தண்ணி எந்தெந்தக் கம்பெனிலேர்ந்து வருதுன்னு உங்களுக்குத் தெரியுமே?"

நான் குனிந்து பின்சக்கரத்தை அமுக்கிப் பார்த்தேன். "காத்து கொஞ்சம் கம்மியா இருக்கு" என்றேன். காற்று சரியாகத்தான் இருந்தது.

பட்டறையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். போல்ட்டு, கீல், பிராக்கெட் என்று ஜாப் ஒர்க் வரும். முதலில் எண்ணெய் போக ஒரு தொட்டி, அப்புறம் துரு போக ஆசிட் தொட்டி, அப்புறம் ஜிங்க், கடைசியில் மஞ்சள் நிறம் பிடிக்க குரோமேட் தொட்டி. ஒவ்வொரு தொட்டிக்கும் நடுவில் அலசுகிற தொட்டி ஒன்று உண்டு. பிளேட்டிங் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, பாதி நேரம் நாங்கள் செய்தது அலசுகிற வேலைதான். குரோமேட்டில் முக்கி எடுத்த பொருளை அலசினால் அந்தத் தண்ணீர் மஞ்சளாகும். அம்மன் கோயில் மஞ்சள் நீராட்டில் ஊற்றுவார்களே, அதே நிறம். அதை நேர் செய்ய வழி இல்லாமல் இல்லை. ஆசிட் விட்டு, மெட்டாபைசல்பைட் போட்டுக் கலக்கினால் மஞ்சள் பச்சையாகும். பிறகு சுண்ணாம்பு போட்டால் குரோமியம் சேறாக அடியில் தங்கும். அந்தச் சேற்றைப் பையில் கட்டி, அதற்கென்று இருக்கிற இடத்துக்கு அனுப்ப வேண்டும். மருந்துக்குக் காசு, சுண்ணாம்புக்குக் காசு, சேறு எடுக்கிற லாரிக்குக் காசு. ஒரு போல்ட்டுக்குப் பைசாக் கணக்கில் கூலி பேசுகிற பட்டறையில் இத்தனை காசு யார் போடுவது?

அதனால் நாங்கள் மழைக்குக் காத்திருந்தோம். மஞ்சள் தண்ணீரைக் கீழ்த்தொட்டியில் சேர்த்து வைப்போம். வானம் இடித்துக்கொண்டு கொட்டும்போது வால்வைத் திறந்தால் மழைநீர்க் கால்வாயோடு கால்வாயாகப் போய்விடும். நிறம் தெரியாது. ஆய்வுக்கு யாரும் வர மாட்டார்கள். திருமுல்லைவாயிலில் பிறந்த என் அம்மா கறுத்த மேகத்தைப் பார்த்தால் இரண்டு கையும் கூப்புவாள். அதே மேகத்தைப் பார்த்துவிட்டு நான் வால்வுச் சாவியைத் தேடுவேன். முதல் பதிமூன்று வருஷம் வேறொருவர் திறந்தார். கடைசி ஒன்பது வருஷம் சூப்பர்வைசராகி நானே திறந்தேன்.

எவ்வளவு போயிருக்கும் என்று நான் கணக்கு வைத்துக்கொண்டதில்லை. ஆனால் ஒரு கணக்கு தெரியும். குடிதண்ணீரில் ஒரு லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. அப்படியென்றால் ஒரே ஒரு கிராம் குரோமியம் 20,000 லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய் நிறுத்தும். தெருவுக்கு வருகிற 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் லாரி. நாங்கள் கையாண்டது மூட்டைக் கணக்கில்.

அம்பத்தூர் ஏரி நிறைந்தால் உபரி கொரட்டூர் ஏரிக்குப் போகும், அங்கிருந்து ரெட்டேரிக்கு. ஒன்றின் வாய் இன்னொன்றின் கழுத்தில் இருக்கிற மாதிரி முன்னோர்கள் கோத்து வைத்த ஏரிகள். கொரட்டூர் ஏரி பாதுகாப்பு மக்கள் இயக்கம் என்று அங்குள்ளவர்கள் திரண்டு, மழைநீர்க் கால்வாயில் சாக்கடையும் தொழிற்சாலைக் கழிவும் ஏரிக்குள் வருகிறது என்று பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை போனது ஊரறிந்த விஷயம். அந்தச் செய்தியை நான் பட்டறை டீ நேரத்தில் பேப்பரில் படிக்கவில்லை. ஓய்வு பெற்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்தேன். அதுதான் வித்தியாசம். டீ நேரத்தில் படித்திருந்தால் மடித்து வைத்துவிட்டு எழுந்திருப்பேன்.

ஆவடியில் ஊர்வலம் கொஞ்ச நேரம் நின்றது. அங்கே டீக்கடை வைத்திருப்பவன் என்னோடு பட்டறையில் இருந்தவன். வண்டியில் கட்டியிருந்த அட்டையைப் படித்துவிட்டுச் சிரித்தான்.

"இன்னாண்ணே, நீயா? நீ தொறந்து வுட்ட தண்ணிக்கு நீயே ஊர்கோலம் போறியா?"

"ஆமாம்பா."

"நாம இன்னா வேணும்னா செஞ்சோம்? மொதலாளி சொன்னாரு, செஞ்சோம். அது ஏரிக்குப் போவுது, மீனைக் கொல்லுதுன்னு நமக்கு எவன் சொன்னான்? தெரியாம செஞ்சதுக்குப் பாவம் கெடையாதுண்ணே. போய் சாமி கும்புடு, வுட்டுடு."

தெரியாமல் செய்தால் பாவம் உண்டா? இதே கேள்வியை ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் சைக்கிளில் கடந்து வந்திருந்தேன். சி.டி.எச். ரோட்டில் வரும்போது திருமுல்லைவாயில் போர்டு கண்ணில் பட்டதும் கை தானாகப் பெல்லை அடித்தது. அம்மாவின் ஊர்ச் சாமி.

கதை பலருக்குத் தெரிந்திருக்கும். தொண்டைமான் என்கிற ராஜா யானைமேல் வருகிறான். முல்லைக்கொடி யானையின் காலைச் சுற்றிக்கொள்கிறது. வாளை எடுத்துக் கொடியை வெட்டுகிறான். உள்ளே இருந்து ரத்தம் வருகிறது. இறங்கி விலக்கிப் பார்த்தால் லிங்கம். தலையில் வெட்டு. பதறிப்போன ராஜா அதே வாளைத் தன் கழுத்தில் வைக்கிறான். சிவன் தோன்றித் தடுக்கிறார். வெட்டுப்பட்டாலும் மாசில்லாத மணியாகவே இருப்பேன் என்று சொன்னதாக ஐதிகம். அதனால் சுவாமி பெயர் மாசிலாமணீசுவரர். அம்மா இந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

எனக்கு இப்போது வேறு இடத்தில் தொண்டையை அடைக்கிறது. தொண்டைமானுக்கு உள்நோக்கம் ஏதும் கிடையாது. அவன் கண்ணில் பட்டது கொடி. டீக்கடைக்காரன் கணக்குப்படி அவனுக்குப் பாவமே இல்லை. ஆனால் அவன் "தெரியாமல் செய்தேன்" என்று சொன்னதாகக் கதை சொல்கிறவர் எவரும் சொல்வதில்லை. ரத்தத்தைப் பார்த்தான், யானையை விட்டு இறங்கினான். மன்னித்த பிறகும் காயம் மறையவில்லை என்பதை அந்தக் கோயில் மறைத்து வைக்கவுமில்லை. வெட்டுப்பட்ட தலைக்குக் குளிர்ச்சியாக ஆண்டு முழுவதும் சந்தனக்காப்பு. சித்திரைச் சதயத்தையொட்டித்தான் அதைக் களைகிறார்கள். மாசே இல்லாதவர் என்று பெயர் வைத்துவிட்டு, வெட்டுக்கு மருந்து போட்டுக்கொண்டே இருக்கிற கோயில்!

எங்கள் பட்டறையிலும் சந்தனம் உண்டு. ஆயுத பூஜையன்று ரெக்டிபையர், தொட்டி, பாரல் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்போம். அந்த வால்வுக்கும் வைத்திருக்கிறேன்.

நோக்கம் இல்லாத செயலுக்குப் பாவம் உண்டா என்று தமிழ்நாட்டில் சமணரும் பௌத்தரும் முட்டிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. குண்டலகேசி பாடிய பௌத்தருக்குப் பதிலாக நீலகேசியே எழுந்தது. மனத்தில் எண்ணுவதே வினை என்றார்கள் பௌத்தர்கள். கை செய்ததற்குக் கை பொறுப்பு, எறும்பு தெரியாமல் மிதிபட்டாலும் மிதித்தது மிதித்ததுதான் என்றார்கள் சமணர்கள். சமணரின் சூத்திரகிருதாங்கத்தில் ஒரு நையாண்டி வரும். பிண்ணாக்குக் கட்டி என்று நினைத்து ஒரு மனிதனையே கம்பியில் குத்தி வாட்டினால் உங்கள் கணக்கில் பாவமில்லை, மனிதன் என்று நினைத்துப் பிண்ணாக்கை வாட்டினால் கொலையா என்று கேட்பார்கள். கேலி கொஞ்சம் அதிகம்தான். பௌத்தர்களும் அத்தனை எளிதாக விட்டவர்கள் இல்லை. மிலிந்தன் கேள்வியில் நாகசேனர் சொல்கிற பதிலைப் பாருங்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்புருண்டையைத் தெரிந்து தொடுகிறவனைவிடத் தெரியாமல் இறுகப் பிடிக்கிறவனுக்குத்தான் கை அதிகம் வேகும். இரும்போடு வேலை செய்தவனுக்கு இது புரிய உரை வேண்டியதில்லை.

இதில் நம் நாட்டுச் சட்டம் யார் பக்கம் என்று பார்த்தால் சமணர் பக்கம் என்றுதான் தோன்றுகிறது. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகள் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவன்தான் விலை கொடுக்க வேண்டும், என் தொழிலால் கெடுதல் இல்லை என்று நிரூபிக்கிற சுமையும் தொழில் செய்கிறவன் தலையில்தான் என்றது. மனசுக்குள் என்ன நினைத்தாய் என்று அது கேட்கவில்லை.

ஆனால் இவ்வளவு தூரம் நான் சமணரையும் பௌத்தரையும் கூப்பிட்டதே ஒரு தப்பித்தல்தான். ஏனென்றால் டீக்கடைக்காரன் சொன்னது பொய். எங்களுக்குத் தெரியும். அவன் டீ ஆற்றும்போது மூச்சு விட்டால் மெல்லிய விசில் சத்தம் வரும். குரோமேட் தொட்டி ஆவியில் நின்று நின்று மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை விழுந்தவன் அவன். என் விரல் மூட்டுகளில் குழி குழியாக ஆறிய புண்கள் இன்னும் இருக்கின்றன. பட்டறையில் அதற்கு "குரோம் புண்" என்றே பெயர். தோலைத் துளைக்கிறது, மூக்கைத் துளைக்கிறது என்று தெரிந்த தண்ணீர் ஏரியில் போய்த் துளசித் தீர்த்தம் ஆகிவிடுமா? முதல் வருஷம் வேண்டுமானால் தெரியாது என்று சொல்லலாம். மூன்றாவது வருஷம் முதல் நாங்கள் யானைமேலேயே உட்கார்ந்திருந்தோம். ரத்தம் தெரிந்தது. இறங்கவில்லை.

நான் அவனிடம் இதைச் சொல்லவில்லை. "உன் மூக்கு எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டேன். அவன் டீக்குக் காசு வாங்கவில்லை.

அடுத்து வழியில் பருத்திப்பட்டு ஏரி. அதை 2019-இல் சீர்செய்து பூங்காவாகத் திறந்தார்கள். நடைபாதை, படகு எல்லாம் உண்டு. எங்கள் பிள்ளைகள் அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஏரிக்கு நல்லது நடந்தால் சந்தோஷம்தான். ஆனால் கரையைச் சிங்காரிப்பதும் வரத்துக் கால்வாயைக் காப்பதும் ஒன்றல்ல என்பது என் எண்ணம். அதற்கு மேல் அங்கே எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

திருவேற்காட்டுப் பக்கம் திரும்பி, கூவத்தைத் தாண்டும்போது வேறு யோசனை வந்தது. கருமாரியம்மனுக்காக எல்லாரும் போகிற ஊர் அது. அறுபத்துமூவரில் ஒருவரான மூர்க்க நாயனார் பிறந்ததும் அங்கேதான் என்பது பலர் நினைவில் இல்லை. அடியார்க்குச் சோறு போட்டே சொத்தெல்லாம் தீர்ந்தவர். பிறகு சூதாடி, ஜெயித்த காசில் சோறு போட்டார். தோற்றவன் காசு தர மறுத்தால் உடைவாளால் குத்துவார், பெயரே அதனால் வந்தது. ஆனால் அந்தச் சூதாட்டக் காசைத் தன் கையால் தொட மாட்டார். சமைப்பவர்கள் நேராக எடுத்துக்கொள்ள வேண்டும். அடியார்கள் எல்லாரும் சாப்பிட்ட பிறகு கடைசிப் பந்தியில் உட்காருவார்.

எங்கள் பட்டறையும் வருஷாவருஷம் ஒரு கோயிலுக்கு அன்னதானம் செய்தது. அரிசி மூட்டையை நானே இறக்கியிருக்கிறேன். என் மகளின் நர்சிங் படிப்புக்குக் கட்டிய பீஸ் அந்த வால்வு வழியாக வந்த காசு. அவள் இப்போது ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் வேலை செய்கிறாள். அதை இதோடு முடிச்சுப் போட்டுக் கணக்கு நேராகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கெட்ட காசில் நல்ல காரியம் செய்யலாமா என்றால் மூர்க்க நாயனார் செய்தார், சிவன் ஏற்றுக்கொண்டார். நான் கவனிக்கிறது அந்தக் கடைசிப் பந்தியை. தன் கை சுத்தம் என்று அவர் ஒரு நாளும் நினைக்கவில்லை.

பூந்தமல்லியில் முடிக்கும்போது பிள்ளைகள் என்னை ஒருங்கிணைப்பாளராக இருக்கச் சொன்னார்கள். வயசில் மூத்தவர், எஸ்டேட் தெரிந்தவர் என்றார்கள். நான் உத்திரமேரூர் கல்வெட்டைச் சொன்னேன். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியது. குடவோலையில் ஆள் எடுத்து வாரியங்கள் அமைக்கிற விதி. அவற்றில் ஏரி வாரியமும் ஒன்று. யாரை எடுக்கக் கூடாது என்கிற பட்டியல் நீளம். அதில் என்னைக் கட்டிப்போட்ட விதி ஒன்று உண்டு. சில குற்றங்களைச் செய்தவர் பிராயச்சித்தம் செய்து சுத்தமாகிவிட்டாலும், அவர் பெயரை ஆயுள் உள்ளவரை ஓலையில் எழுதக் கூடாது. சாமி மன்னிக்கலாம், ஊர் அவனோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம், ஆனால் ஏரியை அவன் கையில் கொடுக்காதே. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் எங்களைத் தெரிந்துகொண்டே எழுதியது போல இருக்கிறது.

பிள்ளைகளுக்கு இது வேடிக்கையாக இருந்தது. "அப்போ நீங்க என்னதான் பண்ணுவீங்க அங்கிள்?" என்று காலையில் கேட்ட பெண்ணே மறுபடி கேட்டாள்.

பிராயச்சித்தத்துக்குத் தமிழில் கழுவாய் என்று பெயர். கழுவுவதிலிருந்து வந்த சொல். கங்கையில் முழுகு, சேதுவில் முழுகு, ஆடி அமாவாசைக்குக் குளத்தில் முழுகு என்று எல்லாக் கழுவாயும் தண்ணீரில்தான் முடியும். அழுக்காக்கியதே தண்ணீரை என்றால் எதில் போய் முழுகுவது? அலசுகிற தொழிலில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவனுக்குத் தெரிந்த ஒரே விஷயம், அலசினால் அழுக்கு அழிவதில்லை, அடுத்த தொட்டிக்குப் போகிறது. ஏரியைச் சுற்றி நூறு முறை சைக்கிளில் வலம் வந்தாலும் என் குரோமியம் சேற்றில் அப்படியேதான் இருக்கும். வலம் வருவதை நான் குறைத்துப் பேசவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு அது போராட்டம், நியாயமானது. எனக்கு அது போதாது.

பழைய தானக் கல்வெட்டுகளின் முடிவில் இரண்டு விதமாக எழுதியிருப்பார்கள். இந்தத் தருமத்தை அழிப்பவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்பது ஒன்று. இதைக் காப்பவனின் பாதம் என் தலைமேல் என்பது மற்றொன்று. நான் வெகுநாள் முதலாவதைத்தான் படித்துப் பயந்தேன். இப்போது இரண்டாவதைப் படிக்கிறேன். தானம் கொடுத்த ராஜா, இன்னும் பிறக்காத எவனோ ஒருவன் காலைத் தன் தலையில் வைத்துக்கொள்கிறான். பாவம் சாமியிடம் செய்தது அல்ல என்றால் மன்னிப்பும் சாமியிடம் கேட்கிற விஷயம் அல்ல. என் கணக்கு, பின்னால் வந்து இந்தத் தண்ணீரைக் குடிக்கப்போகிறவர்களோடு. அவர்களுக்கு என்னிடம் இருக்கிற ஒரே பயனுள்ள பொருள் என் பக்தி அல்ல, என் ஞாபகம்.

அன்று இரவு தினசரிக் காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் வரைந்தேன். எங்கள் பட்டறையின் கீழ்த்தொட்டி, வால்வு, மதிற்சுவருக்கு அடியில் போகிற ஆறங்குலக் குழாய்கள், அவை கால்வாயில் சேருகிற இடம், எந்த மாதத்தில் எத்தனை மணிக்குத் திறப்போம் என்பது, கடைசியில் என் பெயர், கையெழுத்து. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு பிரதி, அந்தப் பெண்ணுக்கு ஒரு பிரதி. மாசு என்ற அதே சொல்தான் அந்த வாரியத்தின் பெயரிலும், அம்மா ஊர்ச் சாமியின் பெயரிலும்.

படத்தை டீக்கடைக்காரனுக்கும் போனில் அனுப்பினேன். ஒரு மணி நேரம் பதில் இல்லை. பதினொன்றரைக்குக் கூப்பிட்டான்.

"அண்ணே, ரெண்டாவது பைப்பு தப்பாப் போட்டுக்கினு கீற. அது கேட்டுக்கு இந்தாண்ட. ஜெனரேட்டர் ரூம் பின்னால. நானும் வரேன், நேர்ல காட்டறேன்."

அம்பத்தூரிலும் ஆவடியிலும் திருமழிசையிலும் பிளேட்டிங், பிக்ளிங், சாயம் என்று வேலை பார்த்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிற என் வயசுக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். குழாய் எங்கே புதைந்திருக்கிறது என்று அதிகாரிக்குத் தெரியாது, பிள்ளைகளுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். நாம் போய்விட்டால் அதுவும் நம்மோடு போய்விடும். வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு அம்பத்தூர் ஏரிக்கரையில் இருப்போம். சைக்கிள் இல்லாவிட்டால் நடந்து வாருங்கள்.